அக்தாவில் தெருவுக்குப் பெயர் கிடையாது

அத்தியாயம் 6

"அக்தாவுல, தோஸ்திக் தெரு, பதினாலாம் நம்பர் வீடு." மெய்ராம் செல்போனில் இருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இதை அனுப்பினவன் அக்தாவைப் படத்துலகூடப் பாத்ததில்ல."

ரௌஷான் அவனை முறைத்தாள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த உல்மெக்கேன் அம்மாளின் முகத்தில் அசைவே இல்லை. மூன்று மணி நேரம் பேருந்தில் வந்த களைப்புதான் என்று ரௌஷான் நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாளின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"ஏன் சிரிக்கிற? சொல்லிட்டுச் சிரி."

"அக்தாவுல தெருவுக்கு ஏதுக்கா பேரு? எட்டாவது வட்டாரம், இருபதாவது கட்டடம், அஞ்சாவது வீடுன்னு வெறும் நம்பர்தான். அந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகையைப் பாத்தா லாட்டரிச் சீட்டு மாதிரி இருக்கும். தெருப்பேர் எழுதறவன் கண்டிப்பா வெளியூர்க்காரன்."

ரௌஷான் போனை வாங்கிக்கொண்டாள். பதினெட்டு வருடம் போலீஸில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். இப்போது அத்திராவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மெய்ராம் அவளுக்கு டிரைவர், உதவியாளர், சில நாள்களில் தலைவலி.

விஷயம் இதுதான். உல்மெக்கேன் அம்மாளின் ஒரே மகன் தௌலெத். இருபத்தேழு வயது. சென்ற செப்டம்பரில் எண்ணெய்க் கிணற்றில் வேலை தேடி அத்திராவுக்கு வந்தான். நவம்பர் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுடன் பேசினான். டிசம்பரிலிருந்து குரல் இல்லை. வேறொரு எண்ணிலிருந்து செய்தி மட்டும் வந்தது. டிசம்பரில் அக்தாவ். ஜனவரியில் அஸ்தானா. மார்ச்சில் அல்மாட்டி. நாட்டில் பணம் கொழிக்கிற ஊர்களையெல்லாம் அவன் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"போலீஸ்ல சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் தங்கச்சி. அதான் வாராவாரம் சேதி வருதே, அப்புறம் எப்படிக் காணாமப்போனவன்னு கேக்கறாங்க. அம்மாவுக்குப் போன் பண்ணாத புள்ளைங்களை எல்லாம் தேட ஆரம்பிச்சா ஜெயில் பத்தாதுங்கறாங்க."

"அது என்னவோ நெசந்தான்" என்றான் மெய்ராம். ரௌஷான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

செய்திகள் எல்லாம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்திருந்தன. எல்லாமே குட்டிச் செய்திகள். 'நலமாக இருக்கிறேன் அம்மா. குளிருக்கு அடக்கமாக இருங்கள்.' 'நன்றாகச் சாப்பிடுகிறேன்.' மார்ச் கடைசியில் வந்ததை ரௌஷான் இரண்டு முறை படித்தாள். 'ஆற்றில் பனிப்பாளம் உடைந்து ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் தூக்கமே இல்லை.'

"அல்மாட்டியில தூக்கத்தைக் கெடுக்கிற ஆறு எது மெய்ராம்?"

"அங்க ஓடறதெல்லாம் ஓடை. அதுல பனிக்கட்டி ஓடினா விஸ்கி கிளாஸ்ல விழற சத்தம்தான் வரும்." சொல்லிவிட்டு அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே, ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற ஜாயிக் ஆறு பழுப்பு நிறத்தில் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் முன்பு அதில் பனி உடைந்தபோது ஊரே தூங்கவில்லை. "அட! இவன் இங்கதான் இருக்கான்!"

ரௌஷான் பிப்ரவரிச் செய்தி ஒன்றுக்கு வந்தாள். 'அடுப்புக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தீர்களா? நிலக்கரி வாளியை நீங்கள் தூக்க வேண்டாம்.'

"தாழ்ப்பாள் எப்ப உடைஞ்சதும்மா?"

"டிசம்பர் கடைசியில."

"மகன்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

"எங்க பேசினான், சொல்றதுக்கு?"

"அப்படின்னா இதை எழுதற ஆள் அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு வந்திருக்கான். யார் யார் வந்தாங்க?"

உல்மெக்கேன் அம்மாள் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள். "கிராமத்து ஆளுங்களை விட்டா ஒருத்தன்தான். தண்ணி லாரி ஓட்டறவன். நாப்பது வயசு இருக்கும். ஜனவரியில ரெண்டு தடவை வந்தான். எஞ்சின் சூடாயிருச்சு, ஊத்தத் தண்ணி வேணும்னான்."

மெய்ராம் கையை உயர்த்தினான். "ஒரு நிமிஷம். ஜனவரியில எங்க டீசலே கட்டியாயிருது. இவனுக்கு எஞ்சின் சூடாயிருச்சு! அதுவும் தண்ணி லாரி ஓட்டறவனுக்குத் தண்ணி இல்ல. ரெண்டு தடவை!"

"உள்ள கூப்பிட்டு டீ குடுத்தேன். கறி வெச்சேன். வாசல் ஓரமாவே உக்காந்தான். தரையையே பாத்துக்கிட்டு இருந்தான். எல்லாரும் சுகமா, ஆடுமாடு சுகமான்னு பேச்சுக்குக்கூடக் கேக்கலை."

"இந்த மண்ணுல அதைக் கேக்காம ஒருத்தன் டீயைத் தொட்டானா?" என்றான் மெய்ராம். "என் மாமனார் என்னை வெட்ட வந்தப்பவே ஆடுமாட்டை விசாரிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சாரு."

உல்மெக்கேன் அம்மாள் துணிப்பையைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கருவாட்டுக் கோர்வை. நாலு மீன், நீலநிற நைலான் கயிறு. "போகும்போது இதைக் குடுத்துட்டுப் போனான். திங்க மனசு வரலை."

ரௌஷான் அதை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"என் மகனைத் தேடிக் குடு தங்கச்சி" என்று எழுந்தாள் அந்த அம்மாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "கிடைச்சா போன்ல சொல்லாத. எப்படிச் சொல்லணுமோ அப்படி வந்து சொல்லு."

*

மறுநாள் காலை, சந்தையில் மீன் வரிசை. ஷரிபா என்ற மீன்காரி கோர்வையை வாங்கிப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு மெய்ராமை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டா, வாங்கற மூஞ்சியா இது? முன்னாடியும் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுட்டு ஓடினவன்தானே நீ?"

"அக்கா, அது என் தம்பி. அவன் என்னைவிட அழகா இருப்பான்."

"அப்ப உங்க அம்மாவை நினைச்சாப் பாவமா இருக்கு." ஷரிபா ரௌஷான் பக்கம் திரும்பினாள். "இது கடைச் சரக்கு இல்லம்மா. நாங்க எல்லாம் மீன் கண்ணுல ஊசி குத்திக் கோப்போம். இது வால்ல கோத்திருக்கு. தலைகீழாத் தொங்கவிட்டா வயித்துக் கசப்பு வாய் வழியா இறங்கிடும்பான். இந்த ஊர்ல இந்தக் கிறுக்கு ஒருத்தனுக்குத்தான். ஒராஸ்."

"தண்ணி லாரி ஓட்டறவரா?"

"அவனேதான். எண்ணெய் முகாமுக்குத் தண்ணி கொண்டுபோறவன். நல்லவன்தான், ஆனா எம் பொழப்புல மண்ணு. வெள்ளிக்கிழமை தவறாம ஆசியாக் கரை மசூதி வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் சும்மாவே குடுக்கறான்."

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து. யாரோ செத்தவங்க பேரைச் சொல்லிக் குடுக்கறானாம்."

மெய்ராம் கோர்வையைத் திரும்ப வாங்கிச் செய்தித்தாளில் சுற்றினான்.

அன்று வெள்ளிக்கிழமை. பாலத்தைத் தாண்டி ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியாக் கரைக்குப் போவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆற்றோரம் கண்ணாடி மாளிகைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ரௌஷான் மனதுக்குள் ஒரு பிரார்த்தனை செய்தாள். இறந்தவன் வேறு யாராகவாவது இருக்கட்டும் என்பதல்ல அது. அப்படிக் கேட்பது இன்னொரு தாயின் தலையில் கையை வைப்பதாகும் என்று அவளுக்குத் தெரியும். எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் அதைச் சொல்லும் தெம்பைக் கொடு என்றுதான் கேட்டாள்.

*

ஒராஸ் ஓடவில்லை. தொழுகை முடிந்து வந்தவர்கள் கையில் கடைசிக் கோர்வையையும் கொடுத்து முடித்துவிட்டு, லாரிப் படியில் உட்கார்ந்தான். அகன்ற தோள், வெடித்த கைகள். ரௌஷான் அவன்முன் நின்று ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"இன்னிக்கு எந்த ஊர்லேர்ந்து எழுதப்போறீங்க அண்ணே?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"தெரியலைம்மா. பணக்கார ஊரெல்லாம் தீந்துபோச்சு."

பிறகு தானாகவே சொன்னான். தௌலெத்துக்கு முகாமில் வேலை கிடைக்கவில்லை. அனுமதி அட்டை இல்லை. ஒராஸ் வளர்ந்தது அநாதை இல்லத்தில். அங்கே கூட வளர்ந்த யெர்ஜான் என்பவனுக்கு அட்டை இருந்தது, வேலை பிடிக்கவில்லை. அந்த அட்டையை வாங்கி தௌலெத் கையில் கொடுத்தது ஒராஸ்தான். உபகாரம் என்று நினைத்துச் செய்தான். டிசம்பர் மூன்றாம் தேதி, எண்ணெய்த் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கிய தௌலெத் விஷவாயு தாக்கி அங்கேயே இறந்தான்.

"அட்டையில இருந்த பேர்லயே புதைச்சாங்க. யெர்ஜானுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்ல, கூட வளந்தவன் நான் ஒருத்தன்தான். உடம்பை என்கிட்டக் குடுத்தாங்க. ஒப்பந்தக்காரன் மறுவாரமே கூடாரத்தைப் பிரிச்சுட்டான். யெர்ஜான் எல்லை தாண்டி ரஷ்யாப் பக்கம் போயிட்டான். காகிதப்படி அவன்தான் செத்துட்டானே, எப்படித் திரும்பி வருவான்?"

"அதை அந்த அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றான் மெய்ராம்.

"யாரைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல?" ஒராஸ் முதல் முறையாகக் குரலை உயர்த்தினான். "சாவுச் சேதியைத் தனியாளாப் போய்ச் சொல்ற வழக்கம் நம்மள்ல உண்டா? மச்சினன், மாமன், ஊர்ப் பெரியவர்னு நாலு பேர் போய் உக்காந்து, பக்குவமாச் சொல்லணும். எனக்கு யாரு இருக்கா? அப்பன் பேரே இல்லத்துல வெச்ச பேரு. ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் அந்தம்மா எனக்குக் கறியில நல்ல துண்டா எடுத்து வெச்சாங்க. அதைத் தின்னுட்டு இதை எப்படிச் சொல்லுவேன்? அதான்... அவன் சொல்லிக்கிட்டே இருப்பான். அக்தாவ், அஸ்தானா, அல்மாட்டி எல்லாத்தையும் பாத்துட்டு, பிடிச்ச ஊர்ல அம்மாவைக் கொண்டுபோய் வெக்கணும்னு. அந்த வரிசையிலயே அவனை அனுப்பிவெச்சேன். நான் எந்த ஊரையும் பாத்ததில்ல."

ரௌஷான் ஒதுங்கிப் போய், போலீஸில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரை அழைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"கணக்குப்படி செத்தது யெர்ஜான். காகிதம் எல்லாம் சுத்தமா இருக்கு. தௌலெத் உயிரோட இருக்கான். அதுக்கு அவங்க அம்மா போன்லயே சாட்சி இருக்கே, வாராவாரம். இதுல நான் எங்க ரௌஷான் கேஸ் எழுத?"

"அந்தச் செய்தியை அனுப்பினவர் இங்கதான் இருக்கார்."

"அப்ப முதல்ல அவனைத்தான் உள்ள போடணும். போடவா?"

அவள் போனை அணைத்தாள். தாயின் மனம் நோகக்கூடாது என்று எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தத் தாயின் வழக்கின்மேல் ஒவ்வொரு கைப்பிடி மண்ணாக விழுந்திருந்தது. அதை ஒராஸிடம் அவள் சொல்லவில்லை. ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எழுதினதாலயா?" என்று கேட்டான்.

"வீட்டுக்குக் கிளம்புங்க அண்ணே" என்றாள் ரௌஷான். "நாளைக்கு நாங்க உங்ககூட வர்றோம். நாலு பேர் வேணும்னீங்களே. நானும் மெய்ராமும் ரெண்டு பேர்."

"நான் அரை ஆள்தான்" என்றான் மெய்ராம். "அந்த ஊர் முல்லாவுக்கு நான் போன் போடறேன். அவர் இன்னும் ரெண்டு பெரியவங்களைக் கூட்டிட்டு வரட்டும்."

*

சனிக்கிழமை நண்பகல். உல்மெக்கேன் அம்மாளின் ஊரான அக்குதுக் கிராமத்தில் காற்று மண்ணை வாரிக்கொண்டிருந்தது. முல்லாவும் இரண்டு பெரியவர்களும் பள்ளிக்கூட முனையில் காத்திருந்தார்கள். ஆறு பேரும் வீட்டை நோக்கி நடந்தபோது தெருவில் எந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்கவில்லை. கதவுகள் மெல்ல மூடிக்கொண்டன.

உள்ளே நுழைந்த ரௌஷான் நின்றுவிட்டாள்.

அறை பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. சுவரில் இருந்த கண்ணாடி, எழவு வீட்டு வழக்கப்படி துணியால் மூடப்பட்டிருந்தது. தரையில் விரிப்பு போட்டு, ஆறு பேருக்கல்ல, இருபது பேருக்குக் கிண்ணங்கள் வைக்கப்பட்டிருந்தன. அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. உல்மெக்கேன் அம்மாள் வெள்ளை முக்காடிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

இவர்கள் வருவதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று மெய்ராம் முல்லாவிடம் சத்தியமே வாங்கியிருந்தான்.

முல்லா வழக்கப்படி எங்கெங்கோ சுற்றிப் பேச ஆரம்பித்தார். ஆண்டவன் கொடுத்ததைப் பற்றி, திரும்ப வாங்கிக்கொள்வதைப் பற்றி. அவள் குறுக்கே பேசாமல், கேட்க வேண்டிய முறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர், "உங்க மகன் தௌலெத்..." என்று நிறுத்தியபோது தலையை ஒருமுறை அசைத்தாள். அவர் மீதியையும் சொல்லி முடித்தார். எந்த ஊர், எந்த நாள், யார் பெயரில் கிடக்கிறான் என்பதுவரை.

அவள் அழவில்லை. ரௌஷானைத்தான் பார்த்தாள்.

"நன்றி தங்கச்சி. முறைப்படி கொண்டுவந்துட்ட. உன்கிட்ட வந்துட்டுப் போனதுலேர்ந்து தயாராத்தான் உக்காந்திருக்கேன்."

ரௌஷானுக்கு அப்போதுதான் உறைத்தது. மகனைத் தேடச் சொல்ல வந்தவள் எதற்காக மூன்று மாதப் பழைய கருவாட்டைப் பேருந்தில் சுமந்து வந்தாள்? புகைப்படம் கொண்டுவரவில்லை. மகனின் உயரம், அடையாளம் எதையும் சொல்லவில்லை. பதினெட்டு வருட அனுபவம் அந்தக் கோர்வையை ஒரு துப்பாக மட்டுமே பார்த்திருந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் மெல்ல. "ஜனவரியிலேயே."

"எழவு வீட்டுக்கு வர்றவன்தான் 'எல்லாரும் சுகமா'ன்னு கேக்க மாட்டான். அந்தத் தம்பி வாசல் ஓரமா உக்காந்து தரையையே பாத்துக்கிட்டு இருந்தப்பவே தெரிஞ்சுது. ரெண்டாவது தடவையும் சொல்ல முடியாமப் போயிட்டான். யாரும் இல்லாத ஆளுன்னு பாத்தாலே தெரிஞ்சுது. அவனை எப்படி நானே கேப்பேன்? 'என் புள்ள செத்துட்டானா'ன்னு பெத்தவ வாயால கேக்கலாமா?"

"அதுக்காகவா எங்களை..." என்றான் மெய்ராம்.

"சொல்லாத சாவுக்கு அழக்கூடாது மகனே. மூணு மாசமா இந்த நெஞ்சுக்குள்ள ஒப்பாரியைக் கட்டி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சேதி வரும். யார் பெத்த புள்ளையோ, எனக்காக இவ்வளவு கஷ்டப்படுதேன்னு அதையும் படிப்பேன். படிச்சிட்டு அழ முடியாது. உயிரோட இருக்கறவனுக்கு எப்படி அழறது?"

பெரியவர்களில் ஒருவர் கல்லறைப் பலகையில் பெயரை மாற்ற முடியுமா என்று ரௌஷானிடம் தணிந்த குரலில் கேட்டார். முடியாது என்று அவள் சொன்னாள். மேல்முறையீடு, விசாரணை என்று ஏதாவது உண்டா என்றார். எழுதிப் பார்க்கலாம், நம்பிக்கை இல்லை என்றாள். அந்த அம்மாளுக்குக் கேட்கும்படியே சொன்னாள். பொய்யால் ஆறுதல் சொல்ல இனி அங்கே இடமில்லை.

ஒராஸ் கதவோரம் தலைகுனிந்து மண்டியிட்டிருந்தான். "அந்த அட்டையை வாங்கிக் குடுத்தது நான்தான்" என்றான். "என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

உல்மெக்கேன் அம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அது மனிதர்கள் சட்டென்று சொல்லிவிடக்கூடிய வார்த்தை அல்ல.

"என் புள்ளயைக் குளிப்பாட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்."

"டிசம்பர் மாசம். தண்ணி ஐஸா இருந்திருக்குமே."

"இல்லம்மா." அவன் அவசரமாகத் தலையை நிமிர்த்தினான். "பிணவறைக் குழாய் உறைஞ்சு போயிருந்துச்சு. கேன்டீன் டீ பாய்லர்லேர்ந்து வாளியில பிடிச்சிட்டு ஓடி வந்தேன். மூணு நடை. என் முழங்கை மேல ஊத்திப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். குழந்தைக்குப் பாக்கறாப்பல."

"வெதுவெதுப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அவள் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஒப்பாரி வைக்கிற பெண்கள் நிற்கும் முறையில் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். முதல் குரல் எழும்பியபோது அண்டை வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. பெண்கள் வாசலை நோக்கி அழுதுகொண்டே ஓடிவந்தார்கள்.